தம்பியின் மருந்துச் சீட்டும் திராட்சைப் பந்தல் படமும்

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் பாதிப் பேருக்கு அது ஏற்கெனவே தெரியும். மீதிப் பேருக்கு என் வாயாலேயே தெரியட்டும்.

இங்கிலாந்தின் வடக்கே, அந்த ஊர்க்காரர்களே "இங்கே எதற்கு வந்தாய்?" என்று கேட்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். என் மனைவி இங்கே நர்ஸ். அவள் விசாவின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். அவள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், நோயாளிகளின் பழைய காகிதக் கோப்புகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. சன்னல் கிடையாது. ஊரில் கேட்டால் "மெடிக்கல் ஃபீல்டு" என்று சொல்லிக்கொள்வேன். யாரும் அதற்கு மேல் துருவுவதில்லை. துருவினால் நான் ஸ்கேன் எடுப்பவன் என்பேன். அதுவும் பொய் இல்லையே.

எங்களுக்கு வருடம் ஒருமுறை ஒரு பரீட்சை உண்டு. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது எப்படி என்று. கம்ப்யூட்டரில் கேள்வி வரும், சரியான விடையைத் தொட வேண்டும். 'லிஃப்டில் ஒரு நோயாளியைப் பற்றி சக ஊழியரிடம் பேசலாமா?' 'பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். அவர் கோப்பைத் திறந்து என்ன வியாதி என்று பார்க்கலாமா?' கம்பம் பஜாரில் வளர்ந்தவனுக்கு ஆரம்பத்தில் இதெல்லாம் பெரும் குழப்பம். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் பார்க்காமல் எப்படி? பார்க்கவில்லை என்றால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி முழிப்பது? போகப் போகப் பழகிவிட்டது. போன வருடம் நூற்றுக்கு நூறு. சான்றிதழை அச்செடுத்து டீ போடுகிற இடத்தில் ஒட்டினார்கள். நானும் அதன் கீழே நின்று ஒரு டீ குடித்தேன்.

அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள், என் தம்பி நாசரின் மருந்துச் சீட்டைப் படமாகவும், அவனைப் பற்றி நானே பேசிய குரல் பதிவைக் கூடவே இலவச இணைப்பாகவும், எங்கள் ஊர் பஜாரில் பாதிப் பேர் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டேன்.

குடும்பக் குரூப் என்று நினைத்துப் போட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன் எவன் குரூப் ஆரம்பித்தாலும் திராட்சைப் பந்தலைத்தான் படமாக வைப்பான். மீறிப் போனால் சுருளி அருவி. என் போனில் 'கம்பம் குடும்பம்', 'கம்பம் நண்பர்கள்' இரண்டும் மேலும் கீழுமாக இருந்தன. இரண்டிலும் அதே பந்தல், அதே கறுப்புக் கொத்து. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அடித்தளத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதையும் ரகசியம் காக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியில் பூட்டிவிட்டு உள்ளே போய், முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களின் ரகசியங்களை மாலை வரை பத்திரமாகக் காத்தேன்.

2

நாசருக்கு இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ மைக் வைத்திருக்கிறார்கள், தான் நினைப்பதெல்லாம் அது வழியாக வெளியே போகிறது என்றான். நாங்கள் தொட்டியைக் கழுவினோம். மறுபடியும் சொன்னான். மறுபடியும் கழுவினோம். அந்த வருடம் கம்பத்திலேயே சுத்தமான தண்ணீர் எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கும்.

அப்புறம் தேனி. அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மனநல டாக்டரின் அறைக் கதவை யாரும் சாத்த மாட்டார்கள். ஒருவர் உட்கார்ந்து பேசும்போதே அடுத்த மூன்று குடும்பம் உள்ளே நிற்கும். டாக்டர் கேட்பார், "ஏம்மா, பையன் இன்னும் தொட்டியத்தான் பாத்துட்டு இருக்கானா?" அம்மா பதில் சொல்வதற்குள், பின்னால் நிற்கிற ஆண்டிபட்டிக்காரம்மா சொல்வாள்: "எங்க வீட்டுல டிவி சார். டிவிக்குள்ளருந்து பேசுறாகன்னு ஒடைச்சுப்புட்டான்."

அந்த ஆண்டிபட்டிக்காரம்மாவும் எங்கம்மாவும் சிநேகிதிகள் ஆனார்கள். ஒரே தேதி வாங்கிக்கொண்டு வருவார்கள். அவள் புளிச்சோறு கொண்டுவருவாள், எங்கம்மா நெய்ச்சோறு. மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் மகன்களைப் பற்றிப் பேசுவார்கள். எதைத் துப்புகிறான், எதற்கு அடிக்கிறான், எந்த மாத்திரைக்கு அதிகமாகத் தூங்குகிறான். வீட்டில் யாரிடமும் சிரிக்காத அம்மா அங்கே சிரிப்பாள். அந்தப் பேச்சு மட்டும் இல்லையென்றால் அவள் இன்னும் சீக்கிரம் மௌத்தாகியிருப்பாள் என்று எனக்குத் தோன்றும். ஆகவே ஊர்ப் பழக்கத்தை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அந்த மரத்தடியில் நாசரும் உட்கார்ந்திருப்பான். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டே புளிச்சோறு தின்பான். சொல்லலாமா என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. தன் நினைப்பெல்லாம் வெளியே போகிறது என்று புலம்பியவனை வைத்துக்கொண்டு அதைத்தான் நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

அம்மா இறந்த பிறகு அவன் அக்கா ரஹ்மத் வீட்டில். மாதம் ஒரு ஊசி. கூட்டிக்கொண்டு போவது அக்கா புருஷன் காதர் மச்சான். இங்கிருந்துகொண்டு மேற்பார்வை பார்ப்பது நான். மச்சான் சீட்டைப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட வேண்டும், நான் கட்டை விரல் தூக்கிக் காட்டுவேன். இதற்குப் பெயர் பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

சாயங்காலம் பெட்டியைத் திறந்து போனை எடுத்தால், குரூப்பே துஆவில் முழுகியிருந்தது. 'அல்லாஹ் ஷிஃபா கொடுப்பான், சீக்கிரம் குணமாகும்.' கும்பிடும் கை, கும்பிடும் கை, கும்பிடும் கை. ஒருவர் போடியில் வேர் மருந்து தருகிறவரின் நம்பரைப் போட்டிருந்தார். ஒருவர், 'இதே மாத்திரைதான் எங்க மாமியாருக்கும் குடுக்குறாக, நல்லாத் தூங்குறாக' என்று எழுதியிருந்தார். அவர் மாமியாரிடம் கேட்டாரா தெரியாது. நடுவில் ஒருவர் எதையும் படிக்காமல் ரோஜாப்பூ போட்டு மாலை வணக்கம் சொல்லியிருந்தார். அன்றைக்கு அந்தக் குரூப்பில் நாகரிகமான மனிதர் அவர் ஒருவர்தான்.

நான் அவசர அவசரமாக அழித்தேன். உடனே ஒருவன் கேட்டான்: 'என்னலே அழிச்ச?' இன்னொருவன், 'இதத்தான்' என்று திருப்பிப் போட்டான். அதை என்னால் அழிக்க முடியாது.

குரல் பதிவில் நான் சொன்னது இவ்வளவுதான். மழையில் தேனிக்குப் போக முடியாமல் ஊசி ஒரு நாள் தள்ளிப்போயிருந்தது. "இப்பவே பிடிக்கலேன்னா மறுபடியும் அந்தப் பழைய மாதிரி தொட்டிக்குள்ள மைக்குன்னு ஆரம்பிச்சிருவான், யாராவது மச்சான்கிட்டச் சொல்லுங்க." அன்றைக்கு நாசர் நன்றாக இருந்தான். அதைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவன் நன்றாகத்தான் இருந்தான். உத்தமபாளையத்தில் ஒரு பைக் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நின்று, மெக்கானிக்குகள் கேட்கிற சாமானை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அங்கே அவன் வெறும் நாசர். நோய்க்குப் பிறகு அவன் வெறும் நாசராக இருந்த ஒரே இடம் அதுதான்.

கடை முதலாளியும் குரூப்பில் இருந்தார்.

4

அவர் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவரே கிடையாது, என்னைச் சேர்க்காவிட்டால். அவர் நாசரை வேலையைவிட்டுத் தூக்கவில்லை. மறுநாள் காலையில் கடை நிறைய ஆள் இருக்கும்போது, பாசமாக, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாராம்:

"நாசரு, மாத்திர போட்டியாப்பா?"

அதற்கு மறுநாளும் கேட்டார். கவுண்டரில் டென்ஷன் வேண்டாம் என்று அவனைப் பின்னால் இருக்கிற குடோனுக்கு அனுப்பினார். அங்கே பெட்டி அடுக்கும்போது ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்து, "ஏலே, அந்தப் பெட்டிக்குள்ள மைக் இருக்கா பாரு" என்றான். கடையே சிரித்தது. முதலாளி அந்த மெக்கானிக்கைத் திட்டி வெளியே அனுப்பினார். நல்ல மனுஷன். நாசர் டிஃபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னாலேயே வெளியே வந்தவன் திரும்பப் போகவில்லை.

இதை மச்சான் போனில் சொன்னபோது நான் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே வெண்ணெய் தடவினேன். கேட்டுக்கொண்டே தின்றேன். அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. இன்னொரு ரொட்டி வேண்டும் போல இருந்தது, வாட்டினேன். இங்கே குளிர்காலத்தில் கையுறை போடாமல் வெளியே போனால் கொஞ்ச நேரத்தில் விரல் இருக்கிற இடமே தெரியாது, ஆனால் சாவியெல்லாம் திருப்பலாம். அதே மாதிரிதான் மற்ற வேலைகளும் நடந்தன. பஸ் பிடித்தேன். கோப்பு ஏற்றினேன். சான்றிதழ் டீ இடத்திலேயே தொங்கியது. அதைக் கிழிக்கலாம் என்று ஒருநாள் நினைத்தேன். சுவரைச் சேதப்படுத்துவதும் விதிப்படி தப்பு.

5

அடுத்த வாரம் வழக்கம்போல மச்சானைக் கூப்பிட்டேன்.

"எப்படி மச்சான் இருக்கான்?"

"யாரு?"

"நாசருதான்."

"அவனா. மாப்ள, அவன் விசயம் எதையும் ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டான். சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணிட்டேன்."

"என்ன மச்சான் வெளாட்டு?"

"வெளாட்டு இல்லப்பா. ஒம்மேலதான் பண்ணுனேன்."

"எம்மேலயா?"

"ஆமா. நீதான இங்கன இல்ல. எது ஆனாலும் வீட்டுக்குச் சேதாரம் இல்லாத ஆளாப் பாத்துப் பண்ணிட்டேன்."

"அக்காட்டக் குடுங்க."

"அவளுக்கும் அதே உத்தரவுதான். இங்கனதான் நிக்கிறா. இல்லன்னு தலையாட்டுறா. ஒனக்குத் தெரியாதுல்ல, அதான் நான் சொல்றேன்."

"ஊசியாவது போட்டாச்சா, அத மட்டும் சொல்லுங்க."

"மழை பேஞ்சுச்சு. முல்லைப் பெரியாறுல தண்ணி தொறந்துட்டாக. லோயர் கேம்ப்ல கரண்டு எடுக்குறாக. இதெல்லாம் சொல்லலாம். வேற என்ன வேணும்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் செய்தி தண்ணீர்ச் செய்தியாக மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மச்சான் பேசுவார். ஆற்றில் இவ்வளவு போகிறது, கால்வாயில் இவ்வளவு போகிறது, வைகை அணை இந்த மட்டம். நான் சும்மா இருப்பேனா? இதற்குள் ஏதோ குறிப்பு வைத்துச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். தண்ணீர் குறைந்தால் நாசருக்குச் சரியில்லை, ஏறினால் தேறிவிட்டான்.

"தண்ணி கலங்கலா வருதா மச்சான், தெளிவா வருதா?" என்று ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"மாப்ள, தண்ணி தண்ணிதான். நீ அதுல வேற எதையும் தேடாத. கிறுக்குப் பிடிச்சிரும்."

சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது போல. "வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

6

குறுக்குவழி ஒன்று பாக்கி இருந்தது. தேனி டாக்டர். பழைய டாக்டராக இருந்தால் கவலையே இல்லை. போன் அடித்தால் போதும், "ஒங்க தம்பியா, இந்தா எதுக்கதான் உக்காந்திருக்கான்" என்று ஆரம்பித்து, அறையில் நிற்கிறவர்கள் எல்லாம் கேட்க முழுசாகச் சொல்லி முடிப்பார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது இருப்பது ஒரு இளம் டாக்டரம்மா. அவர்கள் வந்ததும் முதல் வேலையாகக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். "உள்ள ஒரு குடும்பம் இருந்தா அடுத்த ஆளு எட்டிப் பாக்கக் கூடாதாம். வெளிய எல்லாருக்கும் பொழுதே போகல."

டாக்டரம்மாவைப் போனில் பிடித்து, நான் யார் என்று சொன்னேன். கூடவே, நானும் மெடிக்கல் ஃபீல்டுதான் என்று சேர்த்துக்கொண்டேன்.

"அப்ப உங்களுக்கு நான் வெளக்கவே வேண்டாம் சார்," என்றார்கள். "நீங்க கேட்டா இத மட்டும் சொல்லச் சொல்லியிருக்கார் உங்க தம்பி. அவரோட சிகிச்சை விவரம் எதையும் உங்ககிட்டப் பகிரக் கூடாது. நல்ல தெளிவா இருக்கும்போது, யோசிச்சுச் சொன்னது. அவருக்காகப் பேசவும் கேக்கவும் வேற ஒருத்தர நியமிச்சிருக்கார். அவர்கிட்டதான் நான் பேசலாம்."

அது மச்சான்தான். எனக்குக் கேட்காமலே தெரிந்தது. நம் நாட்டு மனநலச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறதாம். நோயாளி தன் ஆளைத் தானே நியமிக்கலாம். மூத்தவன் என்பதாலோ வெளிநாட்டில் இருப்பதாலோ யாருக்கும் அது தானாக வந்துவிடாது. இதே விஷயத்துக்கு இங்கிலீஷில் நூற்றுக்கு நூறு வாங்கியவன், தமிழில் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், நான் கூடப் பொறந்தவன். அவன் உயிருக்கு ஒண்ணுன்னாகூடச் சொல்ல மாட்டீங்களா?"

"உயிருக்கு ஆபத்துன்னா அது வேற. அப்ப யார்கிட்டச் சொல்லணுமோ சொல்லலாம், அதுக்கு விதியிலயே வழி இருக்கு."

"அப்ப நீங்க எனக்குப் போன் பண்ணலேன்னா, நல்லா இருக்கான்னு அர்த்தம். அப்படித்தான?"

"சார், இப்படிச் சுத்தி வளச்சுக் கேட்டாலும் நான் சொல்ல முடியாது." சிரித்தது போலத்தான் இருந்தது. பிறகு சொன்னார்கள்: "ஆனா ஒண்ணு. நான் உங்ககிட்டச் சொல்லத்தான் தடை. நீங்க சொல்றத நான் கேக்கத் தடை இல்ல. அவரப் பத்தி எனக்குத் தெரியாதது, உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது இருந்தா சொல்லுங்க. உதவியா இருக்கும்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதல் மாத்திரையிலிருந்து ஆரம்பித்தேன். எதை எப்போது நிறுத்தினார்கள், எது கை நடுக்கம் கொடுத்தது, ஊசி எப்போது ஆரம்பித்தது. எல்லாச் சீட்டும் என் போனில் இருக்கிறதே.

"அதெல்லாம் எங்ககிட்ட இருக்கு சார். வேற? அவருக்கு என்ன பிடிக்கும், யார்கூடப் பேசுவாரு, மனசு சரியில்லேன்னா என்ன செய்வாரு. அந்த மாதிரி."

நான் யோசித்தேன். சும்மா இருந்தால் மரியாதையில்லை என்று, "அவனுக்குப் பன்னீர் திராட்சை ரொம்பப் பிடிக்கும்" என்றேன். ராயப்பன்பட்டிப் பக்கம் அத்தா குத்தகைக்குப் பிடித்திருந்த பந்தலுக்குள் அவன் டவுசரோடு படுத்துக்கொண்டு கையைக்கூடத் தூக்காமல் வாயாலேயே கொத்தைக் கவ்வித் தின்பான். அப்போது அவனுக்கு ஏழோ எட்டோ வயது.

"இப்பவும் பிடிக்குமா?"

"தெரியல டாக்டர்," என்றேன்.

7

என் மகள் ஆயிஷாவுக்குப் பதினெட்டு வயது. தமிழை இங்கிலீஷ் ரயிலில் ஏற்றி ஓட்டுவாள், இடையிடையே நிற்கும். நான் அறைக்குள் நுழைந்தால் லேப்டாப்பை மூடுவாள். அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தால் அவள் பெயருக்குத்தான் வரும். போன மாதம் ஒன்று வந்தது. உறையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். என் உத்தியோகத்துக்கே அது இழுக்கு. ஒன்றும் தெரியவில்லை, இங்கே உறை தடிமனாகப் போடுகிறார்கள்.

"என்னம்மா அது?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல அத்தா."

"அத்தாட்டச் சொல்ல மாட்டியா?"

"நீ நாசர் சின்னத்தாவோட சீட்ட குரூப்ல போட்டேல்ல."

"அது தெரியாமக் கை பட்டது."

"தெரியும். ஆனா நீ family group-ல போடறதும் அவர்கிட்டக் கேட்டுப் போடல." கொஞ்சம் நின்றாள். வார்த்தை தேடினாள். "நான் கோவம் இல்ல. சும்மா சொல்றேன். எனக்கு எது வந்தாலும் அம்மாகிட்டச் சொல்வேன். நீ பயப்படாத."

அது எந்தச் சத்தமும் இல்லாமல் நடந்த இரண்டாவது நியமனம். அதிலும் எனக்குப் பதவி இல்லை.

அதற்கு அப்புறம் ஒருநாள் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்தேன். கையில் ஒரு துணிப் பை. மேல் மாடி மனநல வார்டில் மகன் இருக்கிறானா என்று கேட்டார். இருக்கிறான் என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது என்று கவுண்டரில் இருந்த பெண் பணிவாகச் சொன்னாள். கிழவர் தலையாட்டினார். பிறகு பையைக் கவுண்டர் மேல் வைத்து, "அவன் இருந்தால் இது அவனுடையது. குளிருக்குச் சட்டை. இல்லாவிட்டால் நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்றார். அவள் ஒரு கணம் பார்த்தாள். பையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். கிழவர் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, மழைக்குள் போனார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அன்றைக்கு வேலைக்குத் தாமதம். காரணம் கேட்டார்கள். நோயாளி சம்பந்தப்பட்டது, சொல்ல முடியாது என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

8

இந்த வாரம் மறுபடி பரீட்சை வந்தது. வருடம் ஓடிவிட்டது. கேள்விகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள், லிஃப்டுக்குப் பதிலாகக் கேண்டீன். மறுபடியும் நூற்றுக்கு நூறு. இந்தத் தடவை சான்றிதழ் ஒட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும்.

டீ இடைவேளையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாசரின் பெயரைத் தேடி எடுத்தேன். குரூப் இல்லை, அவன் மட்டும். அவன் என்னை பிளாக் பண்ணி வைக்கவில்லை, நான்தான் இந்த ஒரு வருடமாக அதைத் திறக்கப் பயந்திருந்தேன். பேச்சை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் நான் அனுப்பியது. 'மாத்திரை போட்டியா?' 'ஊசி போட்டாச்சா?' 'மாத்திரை போட்டியா?' 'ஏன் பதில் இல்ல, மாத்திரை போட்டியா?' இடையிடையே அவன் பதில்: 'ம்.' 'ம்.' பெருநாளைக்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறேன், அதன் வாலிலும் மாத்திரை. முதலாளி கடையில் வைத்துச் சத்தமாகக் கேட்டார். நான் வருடக்கணக்காக எழுத்தில் கேட்டிருக்கிறேன். அவருக்காவது குரலில் பாசம் இருந்தது என்று மச்சான் சொன்னார்.

கேட்க வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். டீ ஆறிப்போனது. வேலை தேடுகிறாயா என்று கேட்கலாம், அதுவும் விசாரணைதான். மன்னித்துக்கொள் என்று எழுதலாம். அந்தச் சமயத்திலேயே ஒருமுறை எழுதியிருக்கிறேன், அதற்கும் 'ம்'தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் டாக்டர் கேட்பது போல இருக்கும். ஒரு தம்பியிடம் அண்ணன் சாதாரணமாக என்ன கேட்பான் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. ஆயிஷாவிடம் கேட்கலாம் என்றால் அவள் காலேஜில்.

கடைசியில் டாக்டரம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாமல் விட்டதையே அனுப்பினேன்: 'டே நாசரு, ஒனக்கு இன்னமும் பன்னீர் திராட்சை புடிக்குமா?'

ஒரு டிக். இரண்டு டிக். இரண்டும் நீலமாயின. எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறான் என்று காட்டியது. நான் பெட்டியைப் பூட்டாமல், வேலைக்குப் போகாமல், விதியை மீறி அங்கேயே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே கம்பத்தில் அப்போது அஸர் தொழுகை நேரம். அவன் மொட்டை மாடியில் இருக்கலாம், கடைத்தெருவில் இருக்கலாம். ஊசி போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

பதில் வந்தது.

'எந்த குரூப்புக்கு?'